ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை

மார்பில் வந்த கட்டிக்கு இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு முடித்துச் சங்கவி விழுப்புரம் திரும்பியபோது வீடே அவளைத் தாங்கியது. அதாவது, அறையின் இரண்டு ஜன்னல்களில் ஒன்றைச் சாத்தினார்கள். பச்சை உடம்பில் காற்று படக்கூடாது என்பது மாமியார் பாஞ்சாலியின் சட்டம். பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அதே நோயில் போனவர்களின் கதைகளைச் சொன்னார்கள். அவர்களுக்கு எழுந்துபோய் டீ போட்டது சங்கவிதான்.

திண்டிவனம் கல்லூரியில் அவள் நுண்ணுயிரியல் ஆசிரியை. ஆராய்ச்சியும் கதிர்வீச்சில்தான். உறைக்கட்டுமே என்று ஒருநாள் மாமியாரிடம் விளக்கினாள்.

"கதிர் பட்ட ஈஸ்ட் செல்லு தன்னைத் தானே தெச்சுக்கும் அத்தை. அதுக்குக் காத்தும் கொஞ்சம் சர்க்கரையும் வேணும். ஒடனே வேலைல எறக்குனா செத்துடும். மூடி வெச்சாலும் தெச்சுக்கத் தெம்பில்லாம போயிடும்."

பாஞ்சாலிக்குக் கண் கலங்கிவிட்டது. "வாயில்லா ஜீவனுங்கள மூடியா வெச்சிருக்க?"

"பாதிய மட்டும். வித்தியாசம் பாக்க."

"என்னா கல்மனசு ஒனக்கு!" என்றவள், கொசு வருமென்று இரண்டாவது ஜன்னலையும் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, சோதனையைக் கவனித்துக்கொண்டிருந்த தோழி அமலா போன் செய்தாள். கரண்ட் போய்விட்டது, குடுவைகளைக் குலுக்கிக் காற்றூட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. "வுடுடி, இன்னொருவாட்டி செஞ்சுக்கலாம்" என்றுதான் அவள் சொன்னாள். பக்கத்திலிருந்த பாஞ்சாலி பதறினாள்.

"இன்னும் குந்திக்கினு இருக்கற? ஜல்தி கெளம்பு, மூச்சு முட்டிடப் போவுதுங்க! டேய் குமரேசா, பொண்டாட்டிய பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டு வா!" ஒரு சர்க்கரைப் பொட்டலத்தையும் கையில் திணித்தாள். "பாதி பாதின்னு பாக்காத. எல்லாத்துக்கும் போடு."

விக்கிரவாண்டி தாண்டியதும் பஸ் ஜன்னல் காற்று முகத்தில் அறைந்தது. சங்கவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் வந்திருந்தது. குடுவைகள் சுகமாகக் குலுங்கிக்கொண்டிருந்தன. செய்ய ஒரு வேலையும் இல்லை. அமலாவின் விடுதி அறையில் ஜன்னலைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள்.

"பத்து நாள் கூடவே இருந்து பாக்கணும் அத்தை. அமலா ரூம்ல தங்கிக்கறேன்."

பச்சைப் பொய். தனக்காக ஒரு நாள் கேட்க வராத வாய், ஈஸ்ட்டுக்காகப் பத்து நாளைத் தடுமாறாமல் கேட்டது. அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"இருந்து காப்பாத்திட்டு வா கண்ணு. இங்க டீகீ எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள் பாஞ்சாலி. பிறகு, "சர்க்கரை போட்டியா?"

சங்கவி பொட்டலத்தைப் பிரித்தாள். தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி கொட்டிக் கலக்கினாள்.

"இப்பதான் அத்தை" என்று சொல்லி, குடித்தாள்.