அக்தாஸ் மேட்டில் தலைக்கணக்கு

மலைமேல் பனிப்பாறையின் அடியில் தேங்கியிருந்த ஏரி உடைந்தால், சேறும் பாறையுமாக அக்தாஸ் நகருக்குள் வந்துசேர முப்பத்தைந்து நிமிடம். நகராட்சியின் பேரிடர் அதிகாரி ஷோல்பான் போட்ட கணக்கு அது. அதனால் அந்தக் கோடையில் மூன்று முறை சைரனை ஊதி, ஆற்றங்கரைத் தெருக்காரர்களைப் பள்ளிக்கூட மேட்டில் ஏறவைத்தாள். மூன்றாம் முறை ஊரே வைதது.

"ஏம்மா, பொழுது போகலேன்னா கல்யாணம் பண்ணிக்கோயேன். எங்க முழங்காலை ஏன் ஒடிக்கிறே?" என்றாள் ரொட்டிக்கடை பக்கித்குல். கூட்டம் சிரித்தது.

ஷோல்பான் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாப்பத்தொரு நிமிஷம் ஆயிருக்குக்கா. இன்னும் ஆறு குறையணும்."

ஜூலையில் ஒரு நாள், நடுப்பகல். ஏரிக் காவலர் யெர்சின் வயர்லெஸ்ஸில் அலறினார்: "கரை உடைஞ்சிடுச்சு! கிளம்பிடுச்சு!"

சைரன் அறைக்கு ஓடியவளைத் துணை மேயர் தௌலெத் வாசலில் மறித்தார். "மேயர் ஊர்ல இல்ல. அவர்கிட்ட கேக்காம ஊதாதே. பொய்யாப் போச்சுன்னா உன் வேலை போயிடும்."

"போகட்டும் ஐயா, வேலைதானே!" அவர் கைக்குக் கீழே குனிந்து நுழைந்து பொத்தானை அழுத்தினாள்.

ஊராரின் வாயில் வசவு இருந்தாலும் கால்கள் தாமாகவே மேட்டுப் பாதையைப் பிடித்தன. வெந்துகொண்டிருந்த ரொட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, அடுத்த வீட்டுப் படுக்கைக் கிழவரைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளினாள் பக்கித்குல். ஒரு நிமிடம் திகைத்து நின்ற தௌலெத்தும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார்.

முப்பத்து மூன்றாம் நிமிடம் தரை அதிர்ந்தது. பாலம், சந்தை, ரொட்டிக்கடை எல்லாம் பழுப்பு நிறப் பிரளயத்தில் போயின.

மேட்டில் தெருவுக்கொருவர் தலை எண்ணிக் கூவினார்கள். எட்டுத் தெருக்களில் ஏழில் கணக்கு சரி. கொல்லர் தெருவில் ஒருவர் குறைவு. கொல்லர் தோக்தார் எங்கே? ஷோல்பான் மேட்டின் விளிம்புக்கு ஓடினாள்.

பின்சரிவிலிருந்து வியர்த்து விறுவிறுத்து ஏறிவந்தார் தோக்தார், கையில் கழுதையின் கயிறு. "வரமாட்டேன்னு நின்னுடுச்சும்மா. கெஞ்சிக் கூத்தாடி இழுத்துட்டு வர்றேன்!"

ஆற்றின் இரைச்சலையும் மீறி மேடு ஆர்ப்பரித்தது. பக்கித்குல் ஷோல்பானைக் கட்டிக்கொண்டு, "என் கடையே போச்சுடி!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். யார் யாரோ ஷோல்பானைத் தோளில் தூக்கினார்கள். அந்த உயரத்தில் அவள் கையிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது.

"எத்தனை பேரும்மா போயிட்டாங்க?" மலைமேலிருந்து யெர்சின் கேட்டார்.

"ஒருத்தர்கூட இல்லண்ணே! ரெண்டாயிரத்து நூத்தியாறு பேரும் இங்கதான் இருக்கோம். சத்தம் கேக்குதா?"

கருவியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.