மூலைத் தூண்

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், பனி உறைந்து கிடந்த சாலையில் சறுக்கிய கார் ஒன்று வெண்டெல் கங்காஸ் வீட்டு முன்தாழ்வாரத்தில் வந்து மோதியது. மூலைத் தூண் முறிந்தது. கிராதி நொறுங்கிக் கூரை ஒரு பக்கமாகத் தொங்கியது. காரை ஓட்டி வந்த கைசா நீமிக்கு இருபத்திரண்டு வயது. ஆம்புலன்ஸ் வந்து சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அதுவரை அவள் பக்கத்தில் இருந்தவர் வெண்டெல் ஒருவர்தான்.

மே மாதம் வந்தது. கடைசிப் பனியும் உருகி வாய்க்காலில் ஓடியது. அந்தச் சாலையில் வீட்டுக்கு வீடு ஏணி சாய்ந்திருந்தது. குளிர்காலம் பெயர்த்துப் போட்ட ஓடுகளை மாற்றுகிறவர்களும் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களுமாக ஊரே வெளியில் நின்றது. வெண்டெல் மட்டும் கூரைக்கு ஜாக்கி முட்டுக்கொடுத்து, உடைந்த மூலையை நீலத் தார்ப்பாயால் மூடி, அப்படியே விட்டிருந்தார். கைவேலை வராத மனிதர் அல்ல. காகித ஆலையில் மெஷின்களைப் பழுதுபார்த்தே ஓய்வு பெற்றவர். ஆனால் ஒரு பெண் செத்துப்போன இடத்தில் புதுத் தூண் நட்டு, வெள்ளை அடித்துப் பளிச்சென்று நிறுத்துவது, நடந்ததையே துடைத்துப் போடுவதாக அவருக்குப் பட்டது. சுத்தியலை எடுக்க மனம் வரவில்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் மாலை கைசாவின் தாய் ஐலா வந்தாள். சாலையோரம் காரை நிறுத்திவிட்டுப் புல்வெளியில் நடந்து வந்து தார்ப்பாய்க்கு முன்னால் நின்றாள். வெண்டெல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"நான் கைசாவோட அம்மா."

"தெரியும்மா. அடக்கத்தன்னைக்கு சர்ச்சுல பாத்தேன், பின்னாடி உக்காந்திருந்தேன். உள்ள வாங்க, காபி போடறேன்."

"காபிக்கு வரல. இதை எப்ப சரி பண்ணப் போறீங்க?"

வெண்டெல் அவிழ்ந்து தொங்கிய தார்ப்பாய் முனையை இழுத்துச் செருகினார்.

"நான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போற வழி இதுதான்" என்றாள் ஐலா. "போறப்பவும் பாக்கறேன், வர்றப்பவும் பாக்கறேன். இந்தப் பாய் காத்துல அடிச்சுக்கிட்டே கெடக்கு. ஏன் இப்படியே வச்சிருக்கீங்க?"

"சரி பண்ணிட்டா அவளை மறந்துட்ட மாதிரி ஆயிடுமோன்னு நெனச்சேன்."

"மறக்க மாட்டீங்க. நானும் மறக்க மாட்டேன். ஆனா என்னால இதைப் பாக்க முடியல."

மூன்று மாதமாக மரியாதை என்று நினைத்துச் செய்தது அவளுக்குத் தினமும் குத்தியிருக்கிறது. வெண்டெலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"சனிக்கிழமை ஆரம்பிச்சிடறேன்மா."

"நானும் வர்றேன். எனக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியும்."

வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் அதற்குள் காரை நோக்கித் திரும்பிவிட்டாள்.

சொன்னபடியே சனிக்கிழமை காலை ஐலா வந்து நின்றாள். அவளை யாரோ இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். வெண்டெல் தார்ப்பாயை அவிழ்த்தார். முறிந்த தூணின் அடித்துண்டைப் பெயர்த்தார், பிளந்த தரைப்பலகைகளை மாற்றினார். அவள் உடையாமல் மிஞ்சிய கிராதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உரிந்து நின்ற பழைய பெயிண்டைச் சுரண்டினாள். பெயிண்ட் திட்டுத் திட்டாக, சொட்டு வடிந்து உறைந்திருந்தது.

"போன தடவை இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான். ஏன்?"

"எதால? விளக்குமாத்தாலயா?"

"பிரஷ்தான். கொஞ்சம் பழசு."

"நெனச்சேன்" என்றாள். உப்புத்தாளை எடுத்து அழுத்தித் தேய்த்தாள்.

மதியம், அவள் கட்டிக்கொண்டு வந்த இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி ரொட்டியை இருவரும் படியில் உட்கார்ந்து தின்றார்கள். ஐலா பாதிக்கு மேல் தின்னவில்லை.

"அவ ஏதாவது சொன்னாளா?"

இந்தக் கேள்விக்குத்தான் வெண்டெல் குளிர்காலம் முழுக்கப் பயந்திருந்தார். சொல்வதற்கு அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தாய்க்குக் கொடுக்கத் தகுந்த வார்த்தையா அது என்று பலமுறை யோசித்து, உள்ளேயே வைத்திருந்தார்.

"சொன்னாம்மா. 'சாரி, உங்க வீட்டை ஒடச்சிட்டேன்'னா. வீடு கெடக்குது, நான் சரி பண்ணிக்கறேன், நீ பேசாம இருன்னேன். குளிருதுன்னா. கோட்டைக் கழட்டிப் போத்திவிட்டுக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்."

ஐலா மீதிப் பேஸ்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "கடையில இவ காலை யாராவது மிதிச்சா, இவதான் சாரி சொல்லுவா. உனக்கு முதுகெலும்பே இல்லையாடின்னு திட்டுவேன்." அதற்கு மேல் பேச முடியாமல் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வெண்டெல் தொடவில்லை, எழுந்து போகவுமில்லை. பக்கத்திலேயே இருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே எழுந்தாள். "சரி பண்ணிக்கறேன்னு அவகிட்ட சொன்னீங்கல்ல. அப்பறம் என்ன? எந்திரிங்க."

தூக்குக்குண்டு கட்டி நேர் பார்த்துப் புதுத் தூணை நிறுத்தினார்கள். தூணுக்கும் கிராதிக்கும் அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஐலாவின் கணவர், கைசாவின் அப்பா ரெய்னோ அவளைக் கூட்டிப்போக டிரக்கில் வந்தார். வீட்டின் பக்கம் திரும்பாமல், இன்ஜினை அணைக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அவன் இறங்க மாட்டான்" என்றாள் ஐலா, பிரஷ்ஷைக் கழுவியபடி.

சற்றுக் கழித்து இன்ஜின் சத்தம் நின்றது. ரெய்னோ இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராகத் தூணிடம் வந்தார். உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார். குனிந்து அடியைப் பார்த்தார்.

"அடிவெட்டுக்குப் பிரைமர் குடுத்தீங்களா?"

வெண்டெல் யோசித்தார். தூணின் நான்கு பக்கமும் அடித்திருந்தார். அறுத்த அடிப்பக்கத்தை மறந்திருந்தார். "இல்லைங்க. விட்டுட்டேன்."

"தண்ணி அங்கதான் ஏறும். உளுத்துப் போயிடும்." ரெய்னோ சட்டைக் கையை மடித்துவிட்டார். "ஜாக்கியைத் தூக்குங்க."

"இருட்டப் போகுது ரெய்னோ, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் ஐலா.

"நாளைக்கு நான் வருவேனான்னு எனக்கே தெரியாது. தூக்கச் சொல்லு."

வெண்டெல் ஜாக்கியை ஏற்றினார். கூரை முனகிக்கொண்டு ஒரு விரல்கடை எழும்பியது. இரண்டு ஆண்களும் தூணைக் கழற்றிப் புல்லில் கிடத்தினார்கள். ரெய்னோ மண்டியிட்டு, மனைவியின் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கிப் பிரைமரில் தோய்த்து வெட்டுமுகத்தில் வைத்தார். புது மரம் உடனே உறிஞ்சிக்கொண்டது. மறுபடி தோய்த்து வைத்தார். மரம் இனி வேண்டாம் என்கிற வரைக்கும் வைத்துக்கொண்டே இருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

வெண்டெல் உள்ளே போய் மூன்று கோப்பை காபியோடு வந்தார். பிரைமர் காயும்வரை மூவரும் படியில் உட்கார்ந்து குடித்தார்கள். காய்ந்ததும் ரெய்னோ தூணைத் தூக்கி மூலையில் நிறுத்தித் தோளால் தாங்கிக்கொண்டார். வெண்டெல் மெல்ல மெல்ல ஜாக்கியை இறக்க, ஐலா தூக்குக்குண்டைப் பிடித்து நேர் சொன்னாள். கூரை தூணின் மேல் வந்து உட்கார்ந்தது.