நான்காவது மாடியிலிருந்து இறங்குபவர்கள்

மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே, வீட்டில் ஆளுக்கொரு பக்கம் சின்னவளைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள். விடுமுறை இரண்டு மாதமும் அவள் வங்கித் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடு என்று அக்கா நச்சரித்தாள். கல்லூரியிலோ, துறைத் தலைவர் அவள் பெயரை லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டிருந்தார். பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை.

"லிஃப்ட்டுக்கு எண்ணெய் போடவா உன்னை இன்ஜினியரிங் படிக்க வச்சேன்?" என்றார் அப்பா.

"மூணு நாள் போய்ப் பாக்கறேம்ப்பா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவா சொல்லிடறேன்."

உண்மையில் அவளுக்கு எதிலும் பிடிப்பில்லை. மூன்று பேரில் யார் கொஞ்சம் ஓங்கிப் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

கம்பெனி அவளை ஒரு மெக்கானிக்கோடு அனுப்பியது. சட்டைப் பையில் எந்நேரமும் நாலைந்து போல்ட் குலுங்குவதால் அவருக்குப் பெயரே போல்ட்டு. வாய் ஓயாத மனிதர். போன இடம் ஆறு மாடி அலுவலகக் கட்டடம். புகார் இதுதான்: தினமும் காலை பதினோரு மணிக்கு லிஃப்ட் தானாக நான்காவது மாடிக்குப் போகிறது, கதவைத் திறக்கிறது, மூடுகிறது, நேரே தரைத்தளத்துக்கு வருகிறது. நான்காவது மாடி ஆறு வருடமாகக் காலி.

"லிஃப்டை இயக்கற போர்டை மாத்தியாச்சு. அந்த மாடி பட்டனோட வயரையே வெட்டியாச்சு," என்றார் போல்ட்டு. "அப்பவும் மாமியார் வீட்டு விருந்துக்குப் போற மாப்பிள்ளை கணக்கா நேரம் தவறாம போகுது."

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் சின்னவள் மெதுவாகக் கேட்டாள். "மேல ஏதாவது நடந்துச்சாக்கா?"

"ஒண்ணும் நடக்கலம்மா. அங்க இருந்த கம்பெனி வேற இடம் பாத்துப் போயிடுச்சு. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

ஏதாவது நடந்திருந்தால் தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

மொட்டை மாடியில் மெஷின் ரூம். அங்கிருந்த திரையில் லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது, உள்ளே எவ்வளவு எடை என்பதெல்லாம் தெரியும். பதினோரு மணிக்கு மோட்டார் உறுமியது. எடை பூஜ்யம். லிஃப்ட் நான்கில் நின்றது. கதவு திறந்து மூடியது. எடை ஐம்பத்தெட்டு கிலோ. தரைத்தளத்தில் கதவு திறந்ததும் மறுபடி பூஜ்யம்.

"எடை காட்டறதுலதான் கோளாறு," என்றாள் சின்னவள். போல்ட்டு சட்டைப் பையிலிருந்த போல்ட்டுகளைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் இருபது கிலோ இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றிச் சோதித்தாள். திரை அச்சுப் பிசகாமல் காட்டியது. பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், "நான் உள்ள நிக்கறேன் அண்ணே, நீங்க போன்ல நம்பரைச் சொல்லுங்க," என்றாள். அவர் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.

"நாப்பத்தொன்பது," என்றது போன். அது அவள் எடை. நான்காவது மாடியில் கதவு திறந்தது. பூட்டிய ஷட்டர், ஜன்னல் வெயில், கால் தடமே இல்லாத தூசி. லிஃப்டின் தரை மயிரிழை தாழ்ந்தது, யாரோ கால் வைத்து ஏறுவதுபோல. தன்னை அறியாமல் அவள் மூலைக்கு ஒதுங்கி இடம் விட்டாள்.

"நூத்தி இருபது," என்றார் போல்ட்டு.

கீழே வந்து கதவு திறந்தபோது தரை மெல்ல மேலெழும்பியது. வரவேற்புப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது சின்னவள் மட்டும்.

அன்று மத்தியானம் சின்னவள் இயந்திரத்தின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். எழுபத்தி மூன்று, ஐம்பத்தைந்து, எண்பத்தி நான்கு... ஒரு நாள் எடை மறுநாள் இல்லை. தினமும் யாரோ இறங்கியிருக்கிறார்கள். ஏறிப்போனதாக ஒரு பதிவுகூட இல்லை.

"எடை மீட்டர் பழுதுன்னு எழுதிட்டுப் போயிடுவோம்மா."

"பழுதில்லையே அண்ணே."

வெள்ளிக்கிழமை போல்ட்டு மெஷின் ரூம் வாசலோடு நின்றுகொண்டார். பதினோரு மணி. நான்காவது மாடி. கதவு மூடியதும் திரையில் வந்த எண்ணைச் சின்னவள் இரண்டு முறை படித்தாள்.

பத்தொன்பது.

லிஃப்ட் இறங்கியது. தரைத்தளத்தில் கதவு திறந்து, வழக்கம்போல மூன்று நொடியில் மூடிக்கொண்டது. பத்தொன்பது மாறவில்லை.

"ஏன் இன்னும் அப்படியே இருக்கு?" போல்ட்டு ஏறக்குறைய அழுதார். "கரண்ட்டைப் பிடுங்கிடட்டுமா?"

"வேண்டாம் அண்ணே! சின்னப் புள்ள போல, இறங்கறதுக்குள்ள கதவு மூடிடுச்சு. அவ்வளவுதான்."

கதவு திறந்திருக்கும் நேரத்தை மூன்றிலிருந்து பன்னிரண்டு நொடியாக மாற்றினாள். திறக்கும் கட்டளையை அழுத்தினாள். ஐந்து நொடி. எட்டு நொடி. யாரோ தயங்கித் தயங்கி நிற்பதுபோல எண் பத்தொன்பதுக்கும் பதினேழுக்கும் இடையே ஆடியது. பிறகு பூஜ்யம்.

போல்ட்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அடுத்த வாரமே வேறு பகுதிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சாயங்காலம் அப்பாவும் அக்காவும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"லிஃப்ட் கம்பெனிக்கே போறேன்," என்றாள். யாரும் ஓங்கிப் பேசுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"அப்படி என்னடி இருக்கு அங்க?" என்றாள் அக்கா.

"ஒரு கதவு நேரத்தை மாத்தி வச்சிருக்கேன். வேற யாராவது வந்து பழையபடி குறைச்சிடக் கூடாது."

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் கம்பெனி கொடுத்திருந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கெல்லாம் மெஷின் ரூமில் இருந்தாள்.