கண்ணாடி கேபினட்

மூன்றாவது முறையாகக் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்தபோது மணி மூன்று இருபது. ஆறரைக்கு மண்டபத்தில் ரிசப்ஷன். அறுபத்தெட்டு சதவீதம் வரை தயாரான வீடியோ போயே போச்சு. இனி மறுபடியும் முதலிலிருந்து.

"வெளங்குமா இது!" என்று கத்தினேன். ஸ்டுடியோவில் ஈ காக்கை இல்லை. அதனால் தாராளமாகவே கத்தினேன்.

கத்தியது கேபினட்டைப் பார்த்து. கம்ப்யூட்டரின் உள்சாமான் எல்லாம் அடங்கியிருக்கும் பெட்டி அது. பழைய பெட்டி கறுப்புத் தகரம், முன்பக்கம் முழுக்கச் சல்லடை. பார்க்க லட்சணமில்லை. ஆனால் ஏழு வருஷத்தில் ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. என் வீட்டுக்காரர் வெற்றிசெல்வனுக்குத்தான் அது கண்ணை உறுத்தியது. "கீரமங்கலத்துல எந்த ஸ்டுடியோலயும் இப்புடி இருக்கக் கூடாது, ராணி. கஸ்டமர் உள்ள வந்தா அசந்து போவணும்" என்று ரெண்டு வாரத்துக்கு முன்னால் புதுசு வாங்கி வந்து, அவரே எல்லாவற்றையும் மாற்றி மாட்டினார். முன்னாலும் கண்ணாடி, பக்கவாட்டிலும் கண்ணாடி. உள்ளே ஆறு ஃபேன், ஒவ்வொன்றிலும் கலர் விளக்கு. தெருவில் போகிறவனுக்கும் தெரியட்டும் என்று ஆள் உயர அலமாரியின் மேல் ஏற்றி வைத்தார்.

பொய் சொல்வானேன், எனக்கும் பிடித்திருந்தது. பூ மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள்கூட வாசலில் நின்று வாயைப் பிளந்தார்கள். இத்தனை கண் பட்டால் என்ன ஆவது? போன வெள்ளிக்கிழமை கண் திருஷ்டி கணபதி ஸ்டிக்கர் ஒன்று, நல்ல பெரிசாகவே வாங்கினேன். முன்னால் ஒட்டினால் அழகு போச்சு என்று இவர் சண்டைக்கு வருவார். ஸ்டூலில் ஏறி, பெட்டியின் உச்சியில், யார் கண்ணிலும் படாமல் ஒட்டி, நாலு மூலையையும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். கணபதி பார்த்தால் போதும், கணபதியைப் பார்க்க வேண்டியதில்லை.

அப்படியும் இந்தப் பாடு படுத்துகிறது.

வேறு கல்யாணமாக இருந்தால் நானே கைகழுவியிருப்பேன். இது ரம்யா கல்யாணம். அவளுடைய அப்பா குழந்தைசாமி சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. காலையில் தாலி கட்டும்போது சித்தப்பாதான் அப்பா இடத்தில் நின்றார். போன வாரம் ரம்யா தனியாக ஸ்டுடியோவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அப்பாதான் வர முடியல. ரிசப்ஷன்ல எல்லாரும் இருக்கப்ப பெரிய ஸ்கிரீன்லயாச்சும் வரட்டும்க்கா. மறந்துராதீங்க."

அவர் போனில் பேசி எடுத்து அனுப்பிய வீடியோவில் பின்னால் கலவை மிஷின் ஓடுகிற சத்தம். ரெண்டு நாள் உட்கார்ந்து அந்த இரைச்சலைத் தனியாகப் பிரித்து எடுத்து, குரலைத் தெளிவாக்கி, சின்ன வயசுப் படங்களோடு கோத்து வைத்திருந்தேன். அதை ஒரே வீடியோவாக மாற்றி எடுக்கும்போதுதான் இந்தப் பெட்டி சூடாகிச் செத்துச் செத்துப் பிழைத்தது.

மண்டபத்தில் ஸ்கிரீன் கட்டப் போயிருந்த இவரிடமிருந்து போன் வந்தது. "என்னம்மா, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஒங்க கேபினட்டோட கதை முடிஞ்சுது. காத்து எங்கிட்டுங்க போகும், மூஞ்சியில கண்ணாடிய வச்சா?"

"காத்து அடியில இழுத்து மேல தள்ளும்மா. அப்புடித்தான் பண்ணியிருக்கான்."

"ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே! மினுக்குனா போதும் ஒங்களுக்கு."

டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கண்ணாடியைப் பார்க்க நிமிர்த்தி முழு வேகத்தில் வைத்தேன். கண்ணாடியில் காற்று மோதி என் முகத்துக்கே திரும்பியது. எழுபத்தொன்று வரை போய் மறுபடியும் அணைந்தது. மணி நாலு பத்து. உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தேன். தண்ணீர் குடித்தேன். இன்னொரு தடவை குடித்தேன்.

மறுபடியும் அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "என் தப்புத்தான் ராணி. பேசாம அவுங்கப்பா வர்றத விட்டுருவோம். போட்டோவ மட்டும் ஓட்டுவோம். அத அப்பறமா வாட்ஸப்புல அனுப்பிக்கலாம்."

எனக்கு வந்ததே கோபம்! "அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து நீங்க சொல்லுங்க, பாப்போம். கண்ணாடியக் கழட்டப் போறேன்."

"வேணாம்மா, ஓரம் டைல்ஸ்ல பட்டா தூள்தூளாப் போயிரும். நான் வந்து..."

போனை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். திருகு பின்பக்கம். எட்டித் திருக வேண்டுமென்று இடது கையைப் பெட்டியின் உச்சியில் ஊன்றினேன். ஆத்தாடி! தோசைக்கல். வெடுக்கென்று கையை எடுத்தேன். உள்ளங்கையோடு கணபதியின் ஒரு மூலையும் பிசுபிசுத்துக்கொண்டு வந்தது.

தூக்கிய மூலைக்கடியில் சின்னச் சின்ன ஓட்டைகள். அதன் வழியாகக் கொதிக்கிற காற்று என் முகத்தில் அடித்தது. அடியில் இழுத்து மேலே தள்ளும் என்று அவர் சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மேலே தள்ளுகிற வழியில்தான் நான் நாலு மூலையும் தேய்த்து ஒட்டியிருக்கிறேன்.

மத்தியானத்திலிருந்து அந்த மனுஷனை என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்! ஸ்டூலில் நின்றபடியே வெட்கமாக இருந்தது. ஸ்டிக்கரை முழுசாக உரித்தேன். பத்து நிமிஷம் ஆறவிட்டு மறுபடியும் ஓடவிட்டேன்.

அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. எண்பது. ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நூறு.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. மண்டப வாசலில் நின்ற வெற்றிசெல்வன் என்னைப் பார்த்ததும், "கோவிச்சுக்காத ராணி, நாளைக்கே பழைய பெட்டிக்கு மாத்திடுறேன்" என்று ஆரம்பித்தார்.

பென் டிரைவோடு ஸ்டிக்கரையும் அவர் கையில் வைத்தேன். "மாத்த வேணாங்க. பெட்டி மேல இத ஒட்டி மூடுனது நான்தான். என்னையத்தான் திட்டணும்."

சுருண்டு கிடந்த கணபதியை அவர் விரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கத் தெரியாத மனுஷன், அன்றைக்கு அடக்கினார். "சாமி படத்த அங்கிட்டு இங்கிட்டுப் போட்டுறக் கூடாது" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கிரீன் பக்கம் ஓடினார்.

விளக்கை அணைத்தார்கள். ஸ்கிரீனில் குழந்தைசாமி வந்தார், மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. தலையைச் சரிசெய்துகொண்டார். எழுதி வைத்திருந்த வாழ்த்தைத் தடுமாறித் தடுமாறி வாசித்தார். காகிதத்தை மடித்த பிறகும் போனை அணைக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார்.

"ரம்யா, சாப்புட்டியாம்மா?"

அந்த இடத்தை வெட்டிவிடலாமா என்று ரெண்டு நாளும் யோசித்து, வெட்டாமல் விட்டிருந்தேன்.

மாலையும் கழுத்துமாக மேடையில் நின்ற ரம்யா ஸ்கிரீனைப் பார்த்து, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

"சாப்புட்டேன்ப்பா."