பிரச்சினை ஏதுமில்லை

வனத்துறை அலுவலகத்தில் மேசை மின்விசிறி ஆடாமலிருக்க, அதனடியில் ஒரு காகிதத்தை நான்காக மடித்துச் செருகியிருந்தார்கள். சதுப்பு நிலக் காவலராக இருக்கும் அக்கா அதை உருவிப் பிரித்தாள். போன மாதம் அவள் எழுதிக் கொடுத்த புகார்! மின்விசிறி கடகடவென்று ஆடத் தொடங்கியது.

"ஏன்டா, இதுக்குத்தான் நான் முழங்கால் சேத்துல நடந்துபோய்ப் பார்த்து எழுதினேனா?"

அங்கே எழுத்தராக இருக்கும் அவளுடைய தம்பி தலையைச் சொறிந்தான். "நான் என்னக்கா பண்றது? இயற்கைப் பாரம்பரியப் பட்டியலுக்கு நம்ம கோப்பு போற நேரம். லாரியில கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டறாங்கன்னு எழுதினா நம்மளைச் சேர்ப்பாங்களா? 'பிரச்சினை ஏதுமில்லை'ன்னு போடச் சொல்லிட்டார் அதிகாரி."

"நாரை கூடு கட்டற வடக்கு ஓரம் பாதி மேடாயிடுச்சுடா. இன்னொரு வருஷம் தாங்காது!"

"முதல்ல பட்டியல்ல பேர் வரட்டும். அப்புறம் எல்லாம் சரியாயிடும்."

இந்த 'அப்புறம்' இருக்கிறதே, அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை நல்ல காரியங்கள் அதில் போய்ப் படுத்துக்கொண்டன!

சில நாள் கழித்து, பட்டியலுக்காக இடத்தைப் பார்த்து முடிவு சொல்லும் மதிப்பீட்டாளர் வந்தார். கோப்பைப் படித்து மூடிவிட்டு, ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு நேரே வடக்கு ஓரத்துக்கு நடந்தார். உடைந்த செங்கல்லும் கம்பியும் குவிந்து கிடந்தன. அக்காவோடும் தம்பியோடும் கூட வந்த அதிகாரிக்கு வேர்த்துக் கொட்டியது.

"குப்பை எங்கதான் கொட்டல? அதுக்காக நான் எந்த இடத்தையும் ஒதுக்கித் தள்ளறதில்ல," என்றார் மதிப்பீட்டாளர். "யார் பார்த்தாங்க, எப்படித் தடுத்தாங்க, இனிமே என்ன செய்யப் போறீங்க? இதுக்கு உங்க கோப்புல ஒரு வரிகூட இல்லையே!"

அக்கா பையிலிருந்து பதினேழு புகார்களின் நகல்களை எடுத்து நீட்டினாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார்.

"நான் தேடினது இதைத்தாம்மா. ஆனா அலுவலகம் அனுப்பாததை நான் சேர்க்க முடியாது. இந்த வருஷம் பட்டியல்ல பேர் வராது. அடுத்த வருஷம் இதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க."

அவர் கிளம்பிப் போனார். தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டது. தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"தப்பு என்னோடதும்தான்க்கா," என்றான்.

"என்னோடது," என்றார் அதிகாரி, அவளை நிமிர்ந்து பார்க்காமல். "இப்ப என்னம்மா செய்யலாம்?"

"லாரி வர்ற பாதையை இன்னிக்கே வெட்டி மறிங்க சார். குறையை மறைச்சு எந்த இடத்தையும் காப்பாத்த முடியாது. பட்டியல் வந்து காவல் காக்காது. நாம காவல் காத்தாத்தான் பட்டியலே வரும்."