பேர் வெட்டின தூக்குவாளி

அடுப்பு மேடையில் தூக்குவாளியைக் காணவில்லை. அதில் போட்டு வைத்த புளிசோறும் போச்சு. கம்பெனி பஸ் வருகிற நேரத்தில் இது என்ன கூத்து என்று ஜெனிஃபர் திரும்பினாள். வாசல்படியில் சிநேகா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவது படிக்கிற பிள்ளை. பொய் சொல்ல வராது.

முந்தின நாள் சாயங்கால வகுப்பில் சாம் உப்புச் சத்தியாகிரகக் கதை சொன்னானாம். காலனிப் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு கதையும் சொல்லித் தருகிறவன் அவன். வேதாரண்யத்துக்கு நடந்து போனவர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று வெள்ளைக்காரக் கலெக்டர் உத்தரவு போட, ஜனங்கள் பொட்டலம் கட்டி வழிநெடுக மரக்கிளைகளில் தொங்கவிட்டுப் போனார்களாம். யார் கொடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

"அதே மாதிரி நாங்களும் கட்டினோம்மா. பந்தல்ல செங்கம்மா பெரிம்மால்லாம் குந்திகினு கீறாங்கல்ல, அவுங்களுக்கு."

 மறைமலைநகர் பாக்டரியில் செங்கம்மாளும் ஜெனிஃபரும் ஒரே லைனில் நின்றவர்கள். செங்கம்மாளோடு சில பெண்களைத் திடீரென்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கருங்குழியில் கம்பெனி பஸ் நிற்கிற புளியமரத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் வேலையைத் திருப்பிக் கேட்டுப் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் கொடுத்தவளுக்கும் அதே கதிதான் என்று சூப்பர்வைசர் ஜெகதீசன் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தான். ஜெனிஃபர் சம்பளம் நின்றால் வீட்டில் உலை வைக்க வேறு ஆளில்லை.

அது மட்டுமென்றால்கூடப் பரவாயில்லை. அந்தத் தூக்குவாளி கல்யாணச் சீர். பாத்திரக்கடையில் அவள் அம்மா பக்கத்திலேயே நின்று ஜெனிஃபர் என்று பேர் வெட்டி வாங்கினது. இந்தப் பக்கத்தில் பேர் வெட்டாத எவர்சில்வர் எந்த வீட்டில் இருக்கிறது? மரத்தில் கட்ட வேண்டும் என்பது வரைக்கும் யோசித்த கழுதைகளுக்கு, வெள்ளைக்காரன் காலத்துப் பொட்டலத்தில் பேர் இல்லை என்பது தோன்றவில்லை.

ஓடினாள். சிநேகா பின்னாலேயே ஓடி வந்தாள்.

புளியமரத்தின் தாழ்ந்த கிளையில் வரிசையாகத் தூக்குவாளிகளும் டிபன் டப்பாக்களும் தொங்கின. பந்தலில் ஒருத்தியும் எதையும் தொடவில்லை. ராத்திரி சாப்பிட்டார்களோ என்னவோ, செங்கம்மாளின் உதடு காய்ந்திருந்தது.

"பேரு கீதுடி. பாத்ததும் மரத்துப் பக்கமா திருப்பி வுட்டுட்டேன்," என்றாள் செங்கம்மாள். "உன்னுத எடுத்துனு போ. சீக்கிரம்."

ஜெனிஃபர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். சகுந்தலா. பிரதீபா. எல்லாம் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள்தான். தன் பேரைக் கண்டதும் அவிழ்த்துக் கையில் எடுத்தாள். அதற்குள் பஸ் வந்து நின்றது. திரும்பிப் பாராமல் ஏறி, தூக்குவாளியை மடியில் வைத்து முந்தானையால் மூடினாள். அப்பாடா என்றுதான் இருந்தது. மற்றவர்கள் நினைப்பு அப்புறம்தான் வந்தது.

பக்கத்து சீட்டில் சகுந்தலா ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்து, "ஐயோ, அது எங்க வூட்டு டப்பா," என்று முனகினாள்.

மரத்தில் தொங்கினதைப் பார்த்துவிட்டு ஜெகதீசன் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனான். செல்லை எடுத்து ஒரு டப்பாவைத் திருப்பப் போனபோது, அதற்கு முன்னால் சிநேகா வந்து நின்றாள். இரண்டு கையாலும் டப்பாவைப் பொத்திக்கொண்டாள். விடவில்லை.

"யார் வூட்டுப் பொண்ணு இது? தள்ளு," என்று அவள் தோளைப் பிடித்தான்.

சிநேகா அம்மாவைக் கைகாட்டவில்லை. பஸ் பக்கம் திரும்பக்கூட இல்லை. பாவி மகள், அந்தக் கதையை அவ்வளவு சரியாகக் கேட்டிருக்கிறாள்.

ஜெனிஃபர் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தூக்குவாளியோடு மரத்தடிக்குப் போய் நின்றாள்.

"எம் பொண்ணு சார். கைய எடுங்க."

அவன் கையை எடுத்தான். அவள் தூக்குவாளியைப் பழைய இடத்திலேயே மாட்டினாள், பேர் வெளியே தெரிகிற மாதிரி.

"எல்லாம் நான் ஆக்கினது. என் பேர எடுத்துக்கோங்க, போதும்."

ஜெகதீசன் அவளையும் பேரையும் சேர்த்து ஒரு படம் பிடித்தான். மற்றதைத் திருப்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவளை விட்டுவிட்டு ஏறிக்கொண்டான். சகுந்தலா ஜன்னலோரம் முகத்தைப் பொத்திக்கொண்டு போனாள்.

வண்டி மறைந்த பிறகுதான் ஜெனிஃபருக்குப் பயம் முழுசாகப் பிடித்தது. அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டாள். சிநேகா வந்து ஒட்டிக்கொண்டாள்.

"சோறு கட்னவங்கள அப்பால இன்னா பண்ணாங்கம்மா? சாம் அண்ணன் சொல்லவே இல்ல."

ஜெனிஃபருக்கும் தெரியாது. செங்கம்மாளைப் பார்த்து, "சாப்புடுங்கக்கா," என்றாள். "ஆறிப் போவுது."