வெந்நீர்த் தொட்டியின் எர்த் கம்பி

ஆசிய விளையாட்டுக்கு ஒரு மாதம் இருக்கையில், தில்லியில் கட்டி முடியாத ஒரு ஹோட்டலுக்கு ஆள் இறங்கிக் குளிக்கிற வெளிநாட்டு மின்சார வெந்நீர்த் தொட்டியைச் சோதிக்கப் போனார் சேஷன். பதினெட்டு வருஷமாக மின்சார இன்ஸ்பெக்டராகக் குப்பை கொட்டியவர். காகிதத்தை அவர் நம்புவதில்லை. சுவிட்சைப் போட்டதும், எல்லாம் சரி என்று சொல்கிறவரே தண்ணீரில் கால் வைக்க வேண்டும். அப்புறம்தான் கையெழுத்து.

எல்லாம் பக்கா என்றார் மானேஜர் மல்ஹோத்ரா. சுவிட்ச், தொட்டியில் இருப்பவர் கைக்கு எட்டாத தூரத்தில்தான் இருந்தது. கசிகிற மின்சாரத்தை மண்ணில் இறக்க வேண்டிய எர்த் கம்பியும் பளபளவென்று சுவருக்குள் போயிற்று. சேஷன் சுவிட்சைப் போட்டு, "அச்சா, இறங்குங்கள்," என்றார் இந்தியில்.

மல்ஹோத்ரா தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு கைதட்டி, "ஏ வடிவேல்!" என்று கொத்தனாரைக் கூப்பிட்டார். வடிவேல் கரணையைக் கீழே வைத்துவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு வந்தான். யார் காலானாலும் கால்தானே என்று சேஷன் சும்மா இருந்தார். பேச்சுக்குத்தான் தமிழில் கேட்டார்.

"இந்தச் சுவர் நீ பூசினதா? கம்பி எங்கே போறது?"

"உள்ள ஒரு சாண் போவுதுங்க. அதோட சரி. மண்ணுக்குப் போகலீங்க."

சேஷன் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். "மடையா, தெரிஞ்சுண்டேவா இறங்க வந்தே?"

"அவரு இறங்கச் சொன்னாருங்க," என்றான் வடிவேல். "நீங்களும் வேண்டாம்னு சொல்லலீங்களே."